குந்தனை எழுப்பாதீர்கள்: படங்களின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்தாருக்கும், பழைய படங்களின் ரைட்ஸை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் சினிமாத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போய், இருட்டில் உட்கார்ந்து சிரித்து அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதைப் பற்றி அந்தக் கூட்டத்திலிருந்து யாராவது உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 'அம்பிகாபதி' தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ரீ-ரிலீஸ் ஆனது. 2013-இல் இந்தியில் 'ராஞ்சனா' என்று வந்த படத்தின் தமிழ் டப்பிங் அது. பழைய படம் திரும்ப வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இந்த முறை கிளைமாக்ஸை ஏஐ வைத்து மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போகும் கதாநாயகன் குந்தன், புது வடிவத்தில் கண் விழிக்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். தனுஷும் அறிக்கை விட்டார். தான் நடிக்க ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்றார். ரைட்ஸ் வைத்திருந்த நிறுவனமோ தனக்கு உரிமை இருக்கிறது என்றது. விஷயம் இயக்குநருக்கும் நிறுவனத்துக்கும் நடுவிலான சண்டையாகப் பேசப்பட்டு, சில வாரங்களில் அடங்கிவிட்டது.

மகிழ்ச்சியான முடிவு என்று சொல்லித்தான் அதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். யாருடைய மகிழ்ச்சி? படம் பார்க்கிற எங்களுடையது என்றுதானே அர்த்தம். குந்தன் சாகக்கூடாது என்று நாங்கள் ஆசைப்பட்டது உண்மை. 2013-இலும் ஆசைப்பட்டோம், இன்றைக்குப் பார்த்தாலும் அதே ஆசை வருகிறது. அந்த ஆசையை நீங்கள் ஒரு ஆர்டர் மாதிரி எடுத்துக்கொண்டதுதான் என் மனக்குறை.

குந்தன் எப்படிச் சாகிறான் என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். காசியில் வாழும் தமிழ்ப் புரோகிதர் வீட்டுப் பையன். சின்ன வயதிலேயே ஜோயாவின் மேல் பைத்தியமாகிறான். அவன் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட மாட்டேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் பின்னால் போகிறான், கையை அறுத்துக்கொள்கிறான், அவன் அவசரத்தால் ஜோயா காதலித்தவனின் உயிரே போகிறது. அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டுதான் இரண்டாம் பாதி முழுக்க டில்லியில் அவள் இருக்கும் இடத்தைச் சுற்றி வருகிறான்; அவளுடைய கூட்டாளிகளுக்கு டீ கொடுக்கிறான். கடைசியில் தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தும் மேடை ஏறி வீழ்கிறான். அப்புறம் அந்தக் கட்டில். ஜோயா பக்கத்தில் இருக்கிறாள். குந்தனின் மனக்குரல் மட்டும் பேசுகிறது. எழுந்துவிடலாம்தான், ஆனால் மறுபடி எழுந்து, மறுபடி ஆசைப்பட்டு, மறுபடி மனம் உடைந்துபோக யாருக்குத் தெம்பு இருக்கிறது என்கிற அலுப்பு அந்தக் குரலில் இருக்கிறது. இவள் இப்போது சரி என்று ஒரு சொல் சொன்னால்கூடத் திரும்பி வந்துவிடலாம் என்கிற நப்பாசையும் இருக்கிறது. அவள் சொல்லவில்லை. அவன் போய்விடுகிறான்.

அதாவது அவன் எழ வேண்டாம் என்று தானே முடிவு செய்கிறான். அவன் செய்த தப்புக்கெல்லாம் அவனே எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. வாழ்க்கை முழுக்க 'வேண்டாம்' என்பதைக் காதில் வாங்காதவன், கடைசியில் ஒரு முறை வாங்கிக்கொள்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு குறையுள்ள ஒரு ஆளை நாங்கள் மன்னித்து மனதில் வைத்துக்கொண்டோம். இப்போது அவனைக் கண் விழிக்க வைத்தால் எங்களுக்குக் கிடைப்பது குந்தன் இல்லை. அவன் முகத்தை மாட்டிக்கொண்ட வேறு யாரோ. அந்த ஆளிடம் எங்களுக்கு எந்த ஒட்டுதலும் கிடையாது.

இந்த ஒட்டுதலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நீங்கள் அதை வைத்துத்தான் தொழில் செய்கிறீர்கள். இருந்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கிறவன் பக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் அப்பத்தா 'பாசமலர்' வந்த புதிதில் அதை டென்ட் கொட்டகையில் பார்த்தவள். அந்தப் படத்தில் அண்ணனும் தங்கையும் கடைசியில் செத்துப்போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பத்தா தன் வாயால் 'சாவித்திரி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'ராதா'தான். "அந்த ராதாப் புள்ளைக்குக் கொடுத்து வைக்கலடா" என்பாள், ஏதோ பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வது போல. 1981-இல் சாவித்திரி இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோதுகூட "ராதா போயிட்டாளாம்" என்றுதான் தெருவில் சொன்னாளாம், அம்மா சொல்லியிருக்கிறாள். பிற்காலத்தில் டிவியில் அந்தப் படம் போட்டால் முக்கால் படம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். கடைசிப் பகுதி நெருங்கும்போது எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். எத்தனை முறை போட்டாலும் இதே கதைதான். அவளுக்கு அந்த முடிவைப் பார்க்கத் தாங்காது. ஆனால் அந்த முடிவு இல்லாத 'பாசமலர்' ஒன்று வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. சாகாத ராதாவை அவள் ராதாவென்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

படிப்பறிவில்லாத கிழவி, சினிமாவுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று யாராவது நினைக்கலாம். அவளுக்கு நன்றாகவே தெரியும். சாவித்திரி மெட்ராஸில் இருக்கும் நடிகை என்பதும் தெரியும், கதை என்பதும் தெரியும். தெரிந்தேதான் அழுதாள். 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ரேடியோவிலும் டிவியிலும் வருகிறவர்களோடு மக்களுக்கு ஏற்படும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நாம் அவர்களை அறிவோம், அவர்கள் நம்மை அறிய மாட்டார்கள், ஆனாலும் பழக்கம் உண்டாகிவிடுகிறது என்பது அதன் சாரம். இதில் புத்தி பிசகியது எதுவும் இல்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கர்ணன் சாகும் ராத்திரியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் முந்தின வருடமும் அவன் சாவதைப் பார்த்தவர்கள்தான். அடுத்த வருடமும் பாயை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு கதாபாத்திரம் எங்களுக்குள் இறங்குவது அதற்கு நேர்ந்ததோடு சேர்த்துத்தான். நேர்ந்ததைக் கழற்றி வைத்துவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. '96' படத்தின் ராமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானு சிங்கப்பூர் விமானம் ஏறிப் போன பிறகு, அவள் உடுத்தியிருந்த மஞ்சள் உடையை மடித்து, பள்ளிக்கூட நாள் சாமான்கள் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறான். படம் வந்த 2018-க்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த ராத்திரியைத் தங்கள் சொந்தக் கதையோடு கோத்துக்கொண்டார்கள். என் நண்பன் ஒருவன் இருக்கிறான், பேசக் கூச்சப்படுகிற ஆள். அவன் தன் மனைவியிடம் தன் பள்ளிக்கூடக் காதலைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தது அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான். ஜானு போய்விட்டாள் என்பதால்தான் அவனால் பேச முடிந்தது. நாளைக்கு யாரோ ஒருவர் ஜானுவை ஏர்போர்ட்டிலிருந்து ஓடி வர வைத்தால், அவனிடம் என்ன சொல்வீர்கள்?

'மூன்றாம் பிறை'யை நினைத்தால் எனக்கு உள்ளபடியே பயம் வருகிறது. 1982-இல் வந்த படம். கேத்தி ஸ்டேஷனில் ரயில் கிளம்பப் போகிறது. நினைவு திரும்பிக் குணமாகிவிட்ட விஜிக்கு, இத்தனை நாள் தன்னைப் பார்த்துக்கொண்ட சீனுவை அடையாளம் தெரியவில்லை. விழுந்து அடிபட்டு, சேறும் மழையுமாக, நொண்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுகிறான். வீட்டில் அவளைச் சிரிக்க வைக்கப் போட்ட குரங்காட்டத்தைப் பிளாட்ஃபாரத்தில் போட்டுக் காட்டுகிறான். அவள் யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறாள். ரயில் போய்விடுகிறது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் கேத்தி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் வந்தபோது பிறந்தேயிருக்காத பிள்ளைகளும் அதில் உண்டு.

இன்றைக்கு இருக்கும் தொழில்நுட்பத்துக்கு அந்தக் காட்சியை மாற்ற மூன்று விநாடி போதும். விஜியாக நடித்த ஸ்ரீதேவியின் முகம் ஒரு முறை திரும்பி, கண்ணில் அடையாளம் தெரிந்த மாதிரி ஒரு பளிச்சு. அவ்வளவுதான், முடிந்தது. சீனு நாற்பது வருடமாக எங்களுக்காக நனைந்துகொண்டிருந்தது வீண். படத்தை எடுத்த பாலு மகேந்திரா 2014-இல் போய்விட்டார். ஸ்ரீதேவி 2018-இல் போய்விட்டார். வேண்டாம் என்று அறிக்கை விட அவர்கள் வர மாட்டார்கள். 'அம்பிகாபதி' விஷயத்திலாவது எதிர்த்துப் பேச இயக்குநரும் நடிகரும் இருந்தார்கள்.

சோக முடிவுகள் மட்டும்தான் உயர்வு என்று நான் சொல்லவில்லை. ஒரே கதைக்கு இரண்டு முடிவு இருக்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. 2010-இல் கௌதம் மேனன் 'விண்ணைத்தாண்டி வருவாயா'வையும் அதன் தெலுங்கு வடிவத்தையும் ஒரே சமயத்தில் எடுத்தார். தெலுங்கில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் சேர்கிறார்கள். தமிழில் சேரவில்லை. இரண்டையும் அவர்தான் எடுத்தார், வேறு நடிகர்களை வைத்து, தெரிந்தே. இன்னும் ஒன்று, தமிழ்ப் படத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கார்த்திக் தன் கதையைப் படமாக எடுக்கிறான். அந்தப் படத்தில் காதலர்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்தப் படத்தை அவனோடு உட்கார்ந்து பார்ப்பவள் நிஜ ஜெஸ்ஸி, வேறொருவரின் மனைவியாக. ஆசைப்பட்டது ஒரு திரையில் ஓடுகிறது, நடந்தது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஆசையும் நிஜமும் ஒன்றை ஒன்று அழிக்காமல் இருக்கும்போதுதான் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது. பதினைந்து வருடமாக ஜெஸ்ஸி செய்தது சரியா என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் செய்து வைத்திருந்தால் அந்தச் சண்டை படம் விட்டு வீடு வருவதற்குள் ஓய்ந்திருக்கும்.

ஆக, மாற்றுவது குற்றம் இல்லை. யார் மாற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2022 டிசம்பரில் 'பாபா' திரும்ப வந்தபோது மறு எடிட் செய்துதான் வந்தது. ரஜினிகாந்தே புதிதாக டப்பிங் பேசிக் கொடுத்தார். 'மெய்யழகன்' வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, அந்த மெதுவான பேச்சுக்காகத்தான் நான் அந்தப் படத்துக்குப் போனேன். ஆனாலும் இயக்குநர் பிரேம்குமார் தானே முன்வந்து ரசிகர்களுக்கு விளக்கம் சொல்லிச் செய்தார். அவர் கதை, அவர் கத்தரி. அதோடு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 'வட சென்னை'யில் ராஜன் மேல் ஊரே பைத்தியமாகி, அவனுடைய முன்கதையைத் தனிப் படமாக எடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்பது வெற்றிமாறனிடம். அவர் எழுதினால் வரட்டும், எழுதாவிட்டால் வேண்டாம். கம்ப்யூட்டரிடம் கொடுத்து ராஜனைப் பிழைக்க வையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கே அர்த்தம் இல்லை. எல்லாச் சாவும் காதல் சோகம் இல்லை. 'பரியேறும் பெருமாள்' தொடக்கத்திலேயே கருப்பியை ரயில் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். பரியன் கத்திக்கொண்டே ஓடி வருகிறான். ரயில் முந்திக்கொள்கிறது. அந்த நாயை நாங்கள் பார்த்தது சில நிமிடங்கள்தான். ஆனாலும் தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் படம் முடியும் வரைக்கும் "அந்த நாய் என்னய்யா பண்ணுச்சு" என்று முனகிக்கொண்டே இருந்தார். அவர் எந்தச் சாதி, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவர் வாயில் கொண்டுவந்து வைக்கத்தான் மாரி செல்வராஜ் கருப்பியைச் சாகவிட்டார். கருப்பியைப் பிழைக்க வைத்தால் காப்பாற்றப்படுவது நாய் அல்ல, கட்டிப் போட்ட கைகள். அவர்கள் செய்த குற்றம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

'ஜெய் பீம்' ராசாக்கண்ணுவுக்கும் இதுதான். 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடியில் செத்துப்போன ஒரு மனிதரின் வழக்கிலிருந்து வந்த கதை அது. ராசாக்கண்ணுவின் மனைவி செங்கேணி கர்ப்பிணி வயிற்றோடு கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடப்பதைப் பார்த்து, ராசாக்கண்ணு திரும்பி வந்துவிட மாட்டானா என்று தவிக்காதவர்கள் கிடையாது. வந்துவிடக்கூடாது. வந்தால் நிஜத்தில் வராத ஒருவருக்கு நாம் செய்யும் துரோகம் அது. எங்கள் தவிப்பைத் தீர்த்துவைக்கும் வேலையைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சில தவிப்பு தீராமல் இருப்பதுதான் நல்லது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பலரும் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையை அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஆசிரியருக்குத்தான் கொடுக்கிறது. கதை, வசனம் எழுதியவருக்குத் தன் எழுத்தின் மேல் உரிமை உண்டு. நடிகர்களுக்கு 2012 திருத்தத்தில் ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது: தங்கள் நடிப்பைத் தங்கள் பெயர் கெடும்படி திரித்தால் கேட்கலாம். நடுவில் இயக்குநர் அந்தரத்தில் நிற்கிறார். குந்தனை யோசித்து உருவாக்கியவர்களைவிட, அந்த நெகட்டிவுக்குச் சொந்தக்காரருக்கு அவன் உயிர் மேல் அதிகாரம் அதிகம். நீதிமன்றம் இதை எப்படித் தீர்க்கும் என்பது வேறு விஷயம். சட்டம் உங்களை ஆசிரியர் என்று அழைக்கிறது என்பதால்தான் இந்த மடலை இயக்குநர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஆசிரியர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டால் அதோடு வரும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏஐ வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆளும் நான் இல்லை. 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் காலமான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய தொகையையும் கொடுத்ததாகச் சொன்னார். 'தி கோட்' படத்தில் விஜயகாந்தின் உருவத்தைக் கொண்டுவந்தபோதும் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் செய்தார்கள். 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய விஷயங்களில் ஒன்றும் இதுதான்: என் உருவத்தைக் கம்ப்யூட்டரில் படைத்துப் பயன்படுத்துவதானால் என் சம்மதமும் எனக்குரிய ஊதியமும் வேண்டும். இறந்துபோன பாடகருக்குக் கேட்க ஒரு குடும்பம் இருக்கிறது. இறந்துபோன கதாபாத்திரத்துக்கு யார் இருக்கிறார்கள்? எழுதியவர், எடுத்தவர், நடித்தவர், அப்புறம் வருடக்கணக்காக அவனுக்காக அழுத நாங்கள். குந்தன் விஷயத்தில் இந்த நாலு பேரில் ஒருவரிடமும் யாரும் கேட்டதாக நான் அறியவில்லை.

மாற்றிய முடிவு ஒரு ரீ-ரிலீஸோடு போய்விடும், இதற்கு இவ்வளவு கோபம் தேவையா என்று கேட்பீர்கள். 'ஷோலே'யைப் பாருங்கள். 1975-இல் எமர்ஜென்சி காலத்துத் தணிக்கை, கொள்ளைக்காரன் கப்பரை தாக்கூரே கொல்லும் முடிவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் போலீஸ் வந்து பிடித்துப் போவதாகக் காட்சியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை அல்ல, இரண்டு தலைமுறை அந்த முடிவைத்தான் 'ஷோலே' என்று நினைத்து வளர்ந்தது. இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவோடு படம் மீட்டெடுக்கப்பட்டு இத்தாலியின் போலோன்யா நகரத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது 2025-இல். சரியாக 50 வருடம். தவறான முடிவு ஒன்று படத்தோடு ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்து எடுக்க எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள். அதற்கும் பழைய ஃபிலிம் எங்கோ பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்றைக்கு அதன் ஒரு பிரிண்ட்கூட நம்மிடம் இல்லை. பாதுகாப்பில் இவ்வளவு பின்தங்கிய ஊரில், மாற்றிய வடிவம் சேனலுக்கும் ஓடிடிக்கும் விற்றுப்போய், அசல் எங்கோ ஒரு ஹார்டு டிஸ்கில் தூசி படிந்து கிடந்தால், இன்னும் இருபது வருடத்தில் எது 'அம்பிகாபதி' என்று யார் சொல்வது?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இனிமேல் போடும் ஒப்பந்தங்களில் ஒரு வரி சேருங்கள்: இயக்குநர், எழுத்தாளர், சம்பந்தப்பட்ட நடிகர் ஆகியோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் படத்தின் முடிவையோ, முகத்தையோ, குரலையோ ஏஐ கொண்டு மாற்ற மாட்டோம் என்று. அவர்களில் யாரும் உயிரோடு இல்லையென்றால் அந்தப் படத்தை எடுத்த மாதிரியே விட்டுவிடுங்கள். வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கிச் செய்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை, ஏனென்றால் விஜி திரும்பிப் பார்க்க வேண்டுமா என்பதை பாலு மகேந்திரா தவிர வேறு யாரும் முடிவு செய்ய முடியாது. ஏற்கனவே போட்ட பழைய ஒப்பந்தங்களுக்குச் சங்கம் ஒரு தீர்மானம் போடலாம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ விஷயத்தில் உங்கள் சங்கத்தின் தீர்மானத்தைத் தொழிலே மதித்து நடந்திருக்கிறது.

எல்லாரும் சம்மதித்து மாற்றினாலும் அதே பெயரில் விற்காதீர்கள். போஸ்டரிலும் டிக்கெட் புக் செய்யும் இடத்திலும் 'முடிவு மாற்றப்பட்டது' என்று கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். சென்சார் சர்டிஃபிகேட் வாங்கிய படத்தில் மாற்றம் செய்தால் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்கனவே விதி இருக்கிறது. பார்க்க வருகிறவனுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அசல் வடிவத்தை எந்தக் காரணத்துக்காகவும் சந்தையிலிருந்து எடுக்காதீர்கள். அப்புறம், ஏஐக்குச் செலவு செய்ய வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நெகட்டிவைக் காப்பாற்றப் போடுங்கள். கறை படிந்த ஃபிரேமைச் சுத்தம் செய்யவும், கிழிந்த சவுண்டைச் சரிசெய்யவும் அதே தொழில்நுட்பம் அருமையாக உதவுகிறது. அதற்குப் பயன்படுத்தினால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

'கில்லி' 2024-இல் திரும்ப வந்தபோது ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு வசனம் விடாமல் தெரிந்த கூட்டம்தான் அது. புதிதாக ஏதாவது பார்க்க யாரும் வரவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடியே பார்க்க வந்தார்கள். உங்கள் வியாபாரத்துக்கும் அதுதான் பாதுகாப்பான வழி. அடுத்த ரீ-ரிலீஸ் போஸ்டரில் 'முதலில் வெளியான அதே வடிவம்' என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். அப்படிப் போட்டு 'அம்பிகாபதி'யையே மறுபடி விட்டாலும் முதல் காட்சிக்கு வருகிறேன், என் நண்பனையும் கூட்டிக்கொண்டு. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்வீர்களா என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் ஒருவன்